வீட்டுத் தறியில் பருத்திக் கால்மிதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளியலறை வாசலில் போடும் கால்மிதிக்கு (மேட்) வேலை இரண்டுதான். காலில் வழியும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அடுத்தவர் குளித்து வருவதற்குள் ஓரளவாவது காய வேண்டும். மற்ற துணியைப் போலவே நினைத்து இதை நெய்தால் இரண்டுமே நடக்காது.

முதல் தவறு, வேகவைக்காத கோரா நூலை அப்படியே ஊடையாக, அதாவது குறுக்கு நூலாகப் போடுவது. வேகவைக்காத பருத்தியில் இயற்கை மெழுகு ஒட்டியிருக்கும். நெய்த மேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலையில் விட்டதுபோல உருண்டு நின்றால் நூல் இன்னும் தண்ணீர் குடிக்கத் தயாராகவில்லை. ஊடை நூலைக் கழியாக (சுற்றிய நூல் கற்றையாக) இருக்கும்போதே நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, ஒரு கிலோவுக்கு 20 லிட்டர் தண்ணீர், 40 கிராம் சலவைச் சோடா, சிறிது சோப்புத்தூள் என்ற கணக்கில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் டீ நிறத்துக்கு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும், எவர்சில்வர் போதும். பாவில் (தறியில் நெடுக்காக ஓடும் நூலில்) உள்ள கஞ்சி, நெய்து முடித்த பிறகு வெந்நீர்ச் சலவையில் போய்விடும். துணியை மிருதுவாக்கும் திரவத்தை மட்டும் இந்த மேட்டுக்கு ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது நூலின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

திருப்பூர் பனியன் கட்டிங்கை (பனியன் தைக்க வெட்டியதில் மிஞ்சும் துண்டுத் துணியை) ஊடையாகப் போடுகிறவர்கள் முதலில் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்ப்பது நல்லது. பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்தது. தண்ணீரைச் சரியாகக் குடிக்காது. இழுத்தால் ரப்பர்போல நீள்கிற துணியையும் ஒதுக்குங்கள், நெய்த பிறகு சுருங்கி மேட்டை முறுக்கிவிடும். ஓர் அங்குல அகலத்தில் வெட்டுங்கள். துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைத்தால் ஒவ்வொரு முடிச்சும் பாதத்தில் உறுத்தும். இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, மூன்று அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து நெய்தால் இணைப்பு தெரியாது.

பாவுக்கு ஒற்றை இழை நூல் வேண்டாம். கனமான ஊடையை இறுக்கி அடிக்கும்போது அது பட்டுப்பட்டென்று அறும். 10-ஆம் நம்பர் நூல் நாலை ஒன்றாக முறுக்கியது தாங்கும். அங்குலத்துக்கு 10 இழை போதும். துணி அழுத்தமாக வரட்டும் என்று 16, 18 என நெருக்கினால் ஊடை உள்ளே இறங்காது. மேட் பலகைபோல விறைத்து நிற்கும். பவானி ஜமுக்காளம்போல ஊடை மட்டுமே தெரிய வேண்டுமென்றால் அதையும் 6 முதல் 8 வரை குறைக்கலாம்.

நீளக் கணக்கில்தான் நூல் பற்றாமல் போகும். சலவைக்குப் பின் 20க்கு 30 அங்குலமாக நாலு மேட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கத்துக்காக ஒவ்வொன்றையும் 33 அங்குலம் நெய்ய வேண்டும். மடிப்புக்கு 4, பாவு வளைந்து ஏறுவதில் போகும் 4 சேர்த்தால் 41. நாலுக்கு 164. தறியிலேயே நின்றுவிடும் பாவு 27. ஆக 191 அங்குலம், அதாவது ஐந்து மீட்டர். அச்சில் (பாவு இழைகளைக் கோக்கும் சீப்பு போன்ற சட்டத்தில்) 22 அங்குல அகலம் என்றால் 220 இழை, ஓரத்துக்கு 4 கூடுதல். மொத்தம் 1,120 மீட்டர். எடையில் 280 கிராம் வரும். 350 கிராமாக வாங்கிவிடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது ஓரத்தில். அச்சில் 22 அங்குலத்தில் தொடங்கிய துணி, ஒரு முழம் ஏறுவதற்குள் 20க்கு இறங்கியிருக்கும். ஊடையை நேர்கோடாக இழுத்துவிட்டு அடிப்பதுதான் காரணம். அது பாவு இழைகளுக்கு மேலும் கீழும் வளைந்து போகக் கூடுதல் நீளம் தேவை. கிடைக்காததால் ஓரத்தை உள்ளே இழுக்கிறது. நாடா (ஊடையைக் கொண்டுபோகும் ஓடம்) மறுபக்கம் வந்ததும் ஓர இழையை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு, ஊடையை நடுவில் நாலு விரல் உயரமுள்ள வில்லாக வளைத்து விடுங்கள். பிறகு அச்சுப் பலகையால் அடித்து, தறியின் மிதிக்கட்டையை மாற்றி, இன்னொரு முறை அடியுங்கள். மாற்றியபின் விழும் இந்த இரண்டாம் அடிதான் ஊடையைப் பூட்டுகிறது. இரு ஓரத்திலும் கடைசி இரண்டு இழைகளை இரட்டையாகக் கோத்தால் உராய்வு தாங்கும். மேசைத் தறி இலேசானது, அடிக்கும்போது நகரும். அதன் கால்களைக் கட்டிவிடுங்கள்.

குஞ்சம் விட்டு முடிப்பது குளியலறைக்கு ஒத்துவராது. சலவை எந்திரத்தில் சிக்குப்பிடித்துக் கயிறாகிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் மெல்லிய நூலில் இரண்டங்குலம் நெய்து, இருமுறை மடித்துத் தைத்த பிறகே முதல் சலவை. அந்தப் பகுதியில் மட்டும் ஊடையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு பாவாடைபோல விரியும்.

சாய நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை ஒட்டினால் அது தரையிலும் ஒட்டும், சிவப்பும் கருநீலமும் குறிப்பாக.

பருத்தி மேட் ஈர டைல்ஸில் வழுக்கும். அடியில் ரப்பர் பூசினால் பின்பக்கம் காயாது, வெந்நீரில் பூச்சும் உதிரும். வழுக்காமல் பிடிக்கும் ரப்பர் வலையைத் தனியாக வெட்டி அடியில் விரித்து, மேட்டைத் தினமும் எடுத்துக் கொடியில் போடுங்கள்.