வேடியப்பனைப் பார்த்துவிட்டு ஒகேனக்கல் போங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள் விடுமுறைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறோம். முதல் மூன்று நாள் அருவி, கோட்டை, அணை என்று சுற்றிவிட்டு, கடைசி ஒன்றரை நாளில் பதினொரு வீட்டுக்குப் போகப் பார்க்கிறோம். இரண்டாவது வீட்டிலேயே இலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். மிச்ச ஒன்பது வீட்டுக் கோபம் அடுத்த கல்யாணம் வரைக்கும் ஓடும். நான் இரண்டு தடவை பட்டுத்தான் திருந்தினேன்.

இப்போது எங்கள் கணக்கு எளிது. காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்துக்குள் வெளிவேலை முடியணும். உச்சி வெயிலுக்கு உறவுக்காரர் வீடு. நாலு மணிக்கு மேல் மறுபடி வண்டி. ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு, இன்னொரு வீட்டில் காப்பி, அதோடு சரி. களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டபின் எப்படியும் யாரும் மலை ஏறப்போவதில்லை.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதுதான் மற்றதையெல்லாம் தீர்மானிக்கும். மே, ஜூனில் வந்தால் மாம்பழம் உண்டு. ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்தும் நடக்கும். துரியோதனன் படுகளம் எந்த ஊரில் என்று விசாரித்து ஒரு நாள் ஒதுக்குங்கள். மண்ணில் படுத்த வாக்கில் செய்த அந்தப் பெரிய துரியோதனன் உருவத்தைப் பார்த்த குழந்தைகள் அணையை மறந்துவிடுவார்கள். லண்டன், கனடாவிலிருந்து ஜூலை, ஆகஸ்டில் வருபவர்களுக்கு வேறு கதை. கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தால் ஒகேனக்கல்லில் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். காவிரி பொங்கி ஓடுவதைத் தள்ளி நின்று பார்க்கலாம். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பரிசல் ஆசை காட்டிக் குழந்தைகளைக் கூட்டி வராதீர்கள். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை உள்ளூரில் கேளுங்கள்.

பெங்களூரு விமான நிலையம்தான் கிட்டம். ஆனால் அது நகருக்கு வடக்கே, ஓசூர் தெற்கே. விடிகாலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் நகரைக் குறுக்கே தாண்டுவது தண்டனை. கர்நாடக டாக்சி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட் காசு யார் தருவது என்று முன்பே பேசிவிடுங்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர், அங்கிருந்து தர்மபுரி ஏறக்குறைய 45. சொந்தக்காரர் கார் கிடைத்தால் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலேயே தங்கிப் போய்ப் போய் வருவது நல்லது; தினம் ஒரு லாட்ஜ் மாற்றினால் பாதி நாள் பெட்டி கட்டுவதிலேயே போகும்.

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் பென்னாகரம் வழி 46 கிலோமீட்டர். பாப்பாரப்பட்டி வழியாகச் சுற்றிப் போனால் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடம். அவர் 1925 ஜூலை 23 அன்று அந்த ஊரில்தான் காலமானார். ஒகேனக்கல்லில் பரிசலுக்குக் கவுண்டரில் சீட்டு வாங்குங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தரும் பெண்கள் இருக்கிறார்கள். காரம் குறைக்கச் சொல்வது குழந்தைகளுக்காக மட்டும் இருக்கட்டும். திரும்பும்போது அஞ்செட்டிக் காட்டு வழி பிடிப்பதானால் இருட்டும் முன் தாண்டிவிடுங்கள், யானை நடமாடும் இடம்.

இனி எங்கள் குலதெய்வம் வேடியப்பன். போன தடவை பாலக்கோட்டில் பெரியப்பா வீட்டில் அருவிக்குக் கிளம்பியபோது அவர் திண்ணையை விட்டு எழவேயில்லை. "வேடியப்பனுக்கு ஒரு சூடம் கொளுத்தாம அப்படி என்ன கண்ணு அவசரம்?" என்றார். கூட்டிக்கொண்டு போனோம். புளியமரத்தடியில் இடுப்பளவு கல். எண்ணெய் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. மஞ்சளைத் துடைத்தபோது இடது கையில் வில்லும் வலது கையில் வாளுமாக ஒரு ஆள், காலடியில் கெண்டி, அதாவது மூக்கு வைத்த சின்னப் பாத்திரம். எங்கள் பங்காளிகள் தலைமுறையாகக் கும்பிடும் சாமி ஒரு நடுகல்!

இந்த மாவட்டங்களில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் நடுகற்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் மாட்டு மந்தையைக் கவரவோ மீட்கவோ நடந்த சண்டையில் செத்த வீரனுக்கு நட்டவை. சிலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்றிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. தர்மபுரி அகழ்வைப்பகத்தில், அதாவது தொல்பொருள் காட்சியகத்தில், இப்படிப்பட்ட கற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள், பிறகு குலதெய்வத்தைப் பாருங்கள், கண் வேறு மாதிரி பழகியிருக்கும். கூடவே ஒரு பெரியவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அது ஒரு வீட்டு விசேஷம் போன கணக்கிலும் சேரும்.

அதியமான்கோட்டை சேலம் ரோட்டிலேயே இருக்கிறது. சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்க்க நேரம் வையுங்கள். தேய்பிறை அஷ்டமியில் அதே ஊர்க் காலபைரவர் கோயில் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதற்கும் தெற்கே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் நிதானமாக வாருங்கள். ஓசூர் திரும்பும் வழியில் ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி வீடு, அரைமணி போதும்.

மாம்பழத்தை ஆளுக்கொரு பெட்டி கட்டித் தருவார்கள். பல நாடுகளில் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். வாங்கிக்கொண்டு அடுத்த உறவுக்காரர் வீட்டில் இறக்கிவிடுங்கள். அங்கே வேறு பெட்டி தருவார்கள்.