பாத்ரூம் பெயின்ட்: ஷேட் கார்டை மட்டும் நம்பாதீங்க

பெயின்ட் கடையில கலர் காட்டற ஷேட் கார்டுல பிடிச்ச கலருக்கு ஒரு படி லைட்டானதா எடுங்க, ஏன்னா சின்ன ரூம்ல நாலு சுவரும் ஒண்ணோட கலர ஒண்ணு மேல அடிக்கும், நினைச்சதவிட தூக்கலாதான் தெரியும்.

சேலத்துல நிறைய இடத்துல போர் தண்ணி உப்பு, தெறிச்ச இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. கருநீலம், கருஞ்சாம்பல்லாம் போட்டோல சூப்பரா இருக்கும், ஆனா தினம் துடைக்கணும் (யாரு துடைக்கறது?). க்ரீம், மணல் கலர்னா கறை அவ்வளவா தெரியாது.

ஏற்காடு வீடுன்னா கதையே வேற. சுமார் 1500 மீட்டர் உயரம், பனிமூட்டம், ஈரம் லேசுல காயாது, மூலையில கருப்பா பூஞ்சை வந்துரும், அங்க கலரவிட பூஞ்சை பிடிக்காத, கழுவற மாதிரி பெயின்ட்டான்னுதான் மொதல்ல கேக்கணும், மேட் (பளபளப்பே இல்லாதது) வேண்டாம், சாட்டின் ஃபினிஷ் (லேசா மினுக்கறது) போதும். பழைய பூஞ்சைய தேச்சுக் கழுவி நல்லா காயவிட்டுட்டு அடிங்க, அது மேலயே அடிச்சா திரும்ப வந்துரும். குளிருக்கு வெளிர் மஞ்சள், பீச் நல்லாருக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி சாம்பிள் டப்பா வாங்கி ஒரு அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, டைல்ஸ் பக்கத்துல வெச்சு பகல்ல ஒருவாட்டி, ராத்திரி பல்பு போட்டு ஒருவாட்டி பாருங்க. கண்ணாடிக்கு எதிர்ச்சுவர்ல மட்டும் அடர்பச்சை வேண்டாங்க, மூஞ்சி காய்ச்சக்காரன் மாதிரி தெரியும்.