பார்வையில்லாத தங்கைக்கு: கைடுடன் 100 மீட்டர் ஓடுவது எப்படி

எனக்கு வெளிச்சம் மங்கலாகத் தெரியும், உருவம் தெரியாது. ஓடுவது பாரா தடகளத்தின் டி11 பிரிவில். புதிதாக மைதானத்துக்கு வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, கைடு நம்மள இழுத்துட்டுப் போவாங்களா?" என்பதுதான். இல்லை தங்கச்சி. ஓடுவது நீ. உன் கால் போகிற தாளத்தைப் படித்து, அடிக்கு அடி கூடவே வருகிற ஆள்தான் கைடு. உன்னைப் பழக்கப்போகும் பி.டி. டீச்சருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடு.

பிரிவைத் தெரிந்துகொள்வது சின்ன வேலை. அறவே பார்வையில்லாதவர்களும் என்னைப் போல வெளிச்சம் மட்டும் தெரிகிறவர்களும் டி11. கொஞ்சம் பார்வை இருந்தால் டி12, அதைவிடக் கூடுதலாக இருந்தால் டி13. டி11-ல் கைடு கட்டாயம், கண்ணை மறைக்கும் பட்டையும் கட்டாயம். டி12-ல் கைடு வேண்டுமா என்பது உன் விருப்பம். டி13-ல் தனியாகத்தான் ஓட வேண்டும். கண் மருத்துவர் நிரப்பித் தரும் படிவத்தைப் பார்த்து, வகைப்படுத்தும் குழு உன்னை நேரில் சோதித்துப் பிரிவை முடிவு செய்யும். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையில் எழுதியிருக்கும் சதவீதத்தை வைத்து நீயாக ஒரு பிரிவை முடிவு செய்துகொள்ளாதே.

கைடைத் தேடுவதற்கு முன்னால் தனியாக நேராக ஓடிப் பழகு. டிராக்கின் ஓரத்தைக் காலால் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று நட. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர், கையை விரித்து நின்றால் அது எவ்வளவு என்று உடம்புக்குப் புரிந்துவிடும். பிறகு டீச்சரைத் தூரத்தில் நிற்கவைத்துக் கை தட்டச் சொல்லி, அந்தச் சத்தத்தை நோக்கி ஓடு. முதலில் இருபது மீட்டர் போதும். பார்வையில்லாதவர்கள் பலர் முகத்தை முன்னால் நீட்டி, தோளை இறுக்கிக்கொண்டு ஓடுவோம். எதன்மீதாவது மோதிவிடுவோம் என்ற பயம்தான் காரணம். எதிரே ஒன்றுமில்லை என்று உடம்பு நம்பும்வரை வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கைடு உன்னைவிட வேகமானவராக இருக்க வேண்டும். உனக்கு 14 விநாடி என்றால் அவர் 13-ஐ மூச்சு முட்டாமல், வாய் பேசிக்கொண்டே ஓட வேண்டும். பள்ளி அளவில் நன்றாக ஓடும் அக்கா ஒருத்தியே போதும். நீ 12 விநாடியை நெருங்கினால் பெண் கைடு கிடைப்பது கஷ்டம். பெரும்பாலும் ஆண்தான் வருவார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் 200 மீட்டர் டி12-ல் 24.75 விநாடியில் வெண்கலம் வாங்கிய நம் சிம்ரன் சர்மாவுடன் ஓடியவர் அபய் சிங். வீட்டில் இதைப் பேசத் தயங்காதே. கையோடு கை கட்டி ஓடுவதைப் பார்த்து ஊர் என்ன சொல்லுமோ என்று அம்மா பயப்படுவது நியாயம்தான். அவரை ஒரு வாரம் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வா, கைடோடு பேசவிடு. அதே நேரம், உன்னைத் தொட்டு எதையாவது காட்ட வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று கைடிடமும் கோச்சிடமும் நீயே சொல். சங்கடமாக இருந்தால் ஆளை மாற்றும் உரிமை உனக்கு உண்டு. எந்தப் பதக்கத்துக்காகவும் இதை விட்டுக்கொடுக்காதே.

இனி உன் கையையும் கைடின் கையையும் இணைக்கும் கயிறு. இழுத்தால் நீளாத கயிறாக, 30 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். பயிற்சிக்கு ஷூ லேஸே போதும். இரண்டு முனையிலும் வளையம் போட்டு விரலில் மாட்டிக்கொள்ளலாம். என் கைடு எனக்கு வலப்பக்கம் ஓடுவார். என் வலக்கையும் அவர் இடக்கையும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வரும். அப்படியானால் கால்கள் கண்ணாடிப் பிம்பம் மாதிரி: என் இடக்கால் முன்னே போகும்போது அவருடைய வலக்கால் முன்னே போகும். ஓட்டத்தைத் தொடங்கக் காலை ஊன்றும் ஸ்டார்ட்டிங் பிளாக்கிலும் இதே கணக்குதான். எனக்கு இடக்கால் முன் பிளாக்கில் என்றால் அவருக்கு வலக்கால். இரண்டு பேருக்கும் தனித்தனி லேன் என்பதால், பிளாக்குகளை இரண்டு லேனுக்கும் நடுவிலுள்ள கோட்டை ஒட்டி வைத்தால்தான் கயிறு எட்டும்.

இந்த ஒத்திசைவு ஓடி வருவதில்லை, நடந்துதான் வரும். முதலில் கயிறோடு நட, பிறகு மெதுஓட்டம், பிறகு முழங்கால் தூக்கும் பயிற்சிகள், அப்புறம் முப்பது மீட்டர். அவர் தன் அடியை உன் அடிக்குச் சுருக்க வேண்டும், நீ உன் அடியை நீட்டக் கூடாது. நிறைய கோச்சுகள் இதைத் தலைகீழாகச் செய்து பிள்ளைகளின் தொடையில் பிடிப்பு வரவைக்கிறார்கள்.

200 மீட்டருக்குப் போகும்போது வளைவு வரும். கைடு வெளிப்பக்கம் ஓடினால் வளைவு முடிவதற்குள் உன்னைவிட ஏறக்குறைய இரண்டு மீட்டர் அதிகம் ஓட வேண்டியிருக்கும். அங்கே அவர் பின்தங்கினால் கயிறு உன்னைப் பின்னால் இழுக்கும், உடனே உனக்குத் தெரியும்.

வார்த்தைகளைக் குறைவாக வையுங்கள். எங்களுக்கு நான்கு போதும்: "வளை", "நேர்", "விடு", "சாய்". "விடு" என்றால் தோளைத் தளர்த்து. "சாய்" கடைசி இரண்டு அடிக்கு. கோட்டை நீதான் முதலில் கடக்க வேண்டும், கைடு உன் பின்னால். அவர் முந்தினால் ஓட்டமே செல்லாது. இழுப்பதும் தள்ளுவதும் கூடாது. 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் பிரிட்டனின் லிபி கிளெக்கை அவருடைய கைடு இழுத்தார் என்று சொல்லி அரையிறுதியில் தகுதிநீக்கம் செய்தார்கள். மேல்முறையீட்டில் ஜெயித்து வந்துதான் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். சந்தேகத்துக்கே இடம் தராத அளவுக்குக் கயிறு தளர்வாக இருக்கட்டும். யாராவது விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். 2012 லண்டன் பாராலிம்பிக்ஸில் 400 மீட்டர் இறுதியில் கைடு விழுந்ததும் பிரேசிலின் தெரசின்யா கில்ஹெர்மினா தானும் தரையில் படுத்துவிட்டார். அதே போட்டிகளில் 100 மீட்டரில் அவருக்குத் தங்கம்.

போட்டி நாளில் ஆண் கைடு மட்டும் கூட வந்தால் போதாது. உடை மாற்றும் அறைக்கும் கழிப்பறைக்கும் ஒரு பெண் துணை வேண்டும். மாதவிடாய் நாளென்றால் சொல்லவே வேண்டாம். பையில் இரண்டாவது கயிறும் இரண்டாவது கண்பட்டையும் இருக்கட்டும். வியர்வையில் பட்டை நழுவும், அதனால் பயிற்சியிலும் அதைக் கட்டிக்கொண்டே ஓடு. துப்பாக்கிச் சத்தத்துக்கு முன் மைதானம் அமைதியாக இருக்கும், வெடித்தபின் இருக்காது; கைடின் குரலை இரைச்சலில் பிரித்துக் கேட்க, ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டுப் பழகு.

கோட்டைத் தாண்டியதும் கயிறை விடாதே, கைடு "நில்" என்று சொல்லும்வரை ஓடு. மூச்சு வாங்கும்போதே, எந்த இடத்தில் கயிறு இறுகியது என்று நீ சொல், பிறகு அவர் சொல்லட்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தைச் சொன்னால் மறுநாள் பயிற்சியை அந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். வேறு வேறு இடம் சொன்னால் திரும்பவும் நடையிலிருந்து.