படைவீரருக்கு ஆணை, குடும்பத்துக்கு விசா: அமெரிக்க முகாமிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பும் முன்

அமெரிக்கப் படையில் இருப்பவருக்கு வெளிநாட்டு மாற்றல் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "நாமும் கூடப் போகலாமா?" என்பது, அடுத்தது, "விசாவுக்கு என்ன செய்வது?" என்பது. முதல் கேள்விக்குப் பதில் எழுத்தில் வரும் முன்பே இரண்டாவதில் இறங்கி, விமானச் சீட்டுவரை வாங்கிவிட்டுத் திண்டாடுகிறவர்கள் உண்டு. படைக்குத் தேவையான மொழிகள் தெரிந்த, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரையும் அமெரிக்கப் படையில் சேர்த்துக்கொண்ட திட்டம் மாவ்னி. 2009-ல் தொடங்கி 2016-ல் நிறுத்தப்பட்ட அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அதன் வழியாகவும் வேறு வழிகளிலும் படையில் சேர்ந்த தமிழர்களின் வீடுகளில் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமையோடும், மற்றவர் கிரீன் கார்டும் இந்தியப் பாஸ்போர்ட்டுமாகவும் இருப்பது சாதாரணம். முகாமில் தரப்படும் பொதுவான குறிப்புகள் குடும்பத்தார் எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள் என்று எண்ணி எழுதப்பட்டவை என்பதால், இத்தகைய வீட்டுக்கு அவை பாதி வழிதான் துணை வரும்.

சட்டத்தின் நிலையை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 1951-ல் லண்டனில் கையெழுத்தான நேட்டோ படைகள் நிலை ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு, பணியில் இருக்கும் படைவீரருக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. படை அடையாள அட்டையும் பயண ஆணையும் அவருக்குப் போதும். குடும்பத்தாருக்கு அந்த விலக்கை அப்பிரிவு அளிக்கவில்லை. அவர்கள் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும் என்பதோடு, அவர்கள் யாரைச் சார்ந்தவர்கள் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இந்த ஒப்பந்தத்தின் சுருக்கப் பெயரைத்தான் முகாமில் எல்லோரும் "சோஃபா" என்கிறார்கள். வரவேற்பறை இருக்கை என்று எண்ணிச் சிரித்துவிட்டு, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தினமும் சொல்லப்போகிற சொல் அது.

ஆக, முதல் வேலை விசா அல்ல, கமாண்ட் ஸ்பான்சர்ஷிப். குடும்பம் அரசுச் செலவில், அரசின் பொறுப்பில் உடன் வரலாம் என்று படை தரும் ஒப்புதல் அது. ஜெர்மனியில் குடும்பத்தோடு சென்றால் பணிக்காலம் வழக்கமாக 36 மாதம், தனியாகச் சென்றால் 24 மாதம் என்பதால், இந்த முடிவு பணிக்காலத்தையே மாற்றிவிடும். தரைப்படையில் இதற்காக ஒவ்வொருவருக்கும் மருத்துவ, கல்வித் தேவைகள் குறித்த ஆய்வு நடக்கும். குழந்தைக்கு ஆஸ்துமாவோ பேச்சுப் பயிற்சியோ இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் அங்கே அதற்கு மருத்துவர் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வின் நோக்கம். ஒப்புதல் வந்தபின், மாற்றல் ஆணையில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாதவருக்கு இனி வரும் எந்தப் படியும் நகராது.

குடும்பத்தில் அமெரிக்கக் குடிமக்களாக இருப்பவர்களுக்குக் கட்டணமில்லாத பாஸ்போர்ட், அதாவது எல்லோரும் "நோ-ஃபீ" என்று சொல்வது, தனியாக எடுக்க வேண்டும். முகாமின் பாஸ்போர்ட் அலுவலகத்தில் டிடி 1056 என்ற அனுமதிப் படிவத்தைப் பெற்று, முதல்முறை எடுப்பவர் டிஎஸ்-11 படிவத்தோடு நேரில் கொடுக்க வேண்டும். இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படத்தில் கண்ணாடி அணிந்திருக்கக் கூடாது. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய், தந்தை இருவரும் நேரில் வர வேண்டும். ஒருவர் பயிற்சியிலோ வேறு நாட்டிலோ இருந்தால் டிஎஸ்-3053 ஒப்புதல் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். வீரர் வெளியூர்ப் பயிற்சிக்குப் போகும் முன்பே இந்தக் கையெழுத்தை வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம். இந்தப் பாஸ்போர்ட் பணி தொடர்பான பயணத்துக்கு மட்டுமே. விடுமுறைக்கு வேறு நாடுகளுக்குச் செல்லச் சாதாரணப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்த நோ-ஃபீ பாஸ்போர்ட் கிடையாது. அவர் தம் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே செல்ல வேண்டும் என்பதால், அது பணிக்காலம் முடியும்வரை செல்லுமா என்பதை முதலில் பாருங்கள். இங்கேதான் நம் பெயர்கள் வேலை வைக்கும். தமிழ்நாட்டில் எடுத்த பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யூ" என்று விழும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அதே பெயர் கிரீன் கார்டிலும் தொடர்ந்து, திருமணச் சான்றிதழில் முன்னெழுத்தோடும், படையின் குடும்பப் பதிவேடான டீர்ஸில் கணவர் பெயர் சேர்ந்தும் நிற்கும்போது, ஒரே பெண் நான்கு பேராகிவிடுகிறாள். மாற்றல் ஆணை டீர்ஸைப் பார்த்து அடிக்கப்படும். தூதரகம் பாஸ்போர்ட்டைப் பார்க்கும். எனவே மாற்றல் பற்றிய பேச்சு எழுந்த உடனே நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, டீர்ஸிலும் ஆணையிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரச் செய்யுங்கள். ஆணையைத் திருத்துவது சில கையெழுத்துகளோடு முடியும். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருத்துவது அப்படி முடிகிற காரியம் அல்ல. தமிழில் மட்டும் உள்ள பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் பெயர் எழுதப்படாத பழைய நகராட்சிச் சான்றிதழ் ஆகியவற்றையும் இப்போதே சரிசெய்து, ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து வையுங்கள்.

ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைய விசா தேவைப்படும் பாஸ்போர்ட் இந்தியாவுடையது. எந்த வகையில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை, உங்கள் முகாம் எந்த ஜெர்மன் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே கேளுங்கள். டெக்சாஸில் இருப்பவருக்கு அது ஹூஸ்டன், ஜார்ஜியாவிலும் வட கரோலினாவிலும் இருப்பவருக்கு அட்லாண்டா. கேட்கும் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே நேட்டோ ஒப்பந்தப்படி படைவீரரின் குடும்பத்தாராகச் செல்கிறேன் என்று எழுதி, ஆணையின் நகலை இணைத்து, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். அது 180 நாளில் 90 நாள் தங்குவதற்கானது, நீங்களோ மூன்று ஆண்டு வாழப் போகிறீர்கள். ஜெர்மனி சேர்ந்தபின் முகாமின் பாஸ்போர்ட் அலுவலகத்தில் சோஃபா சான்றைப் பெற வேண்டும். அதன்பின் ஜெர்மனியில் தனியாக வசிப்பு அனுமதி தேவையில்லை.

கிளம்பும் முன் தீர்மானிக்க வேண்டிய பெரிய விஷயம் குடியுரிமை. படைவீரர் அமெரிக்கக் குடிமகனாகவும் துணைவர் கிரீன் கார்டு உடையவராகவும் இருந்து, வெளிநாட்டுப் பணி ஓராண்டுக்குக் குறையாததாக இருந்தால், குடிவரவுச் சட்டத்தின் 319(பி) பிரிவின்படி, வழக்கமான மூன்றாண்டுக் காத்திருப்பு இன்றியே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். என்-400 படிவத்தோடு, வெளிநாட்டுப் பணியை உறுதிசெய்யும் டிடி 1278 சான்றையும் இணைக்க வேண்டும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: குடியுரிமை உறுதிமொழி எடுத்த கணத்திலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தக் கூடாது, அதை ஒப்படைத்துத் துறப்புச் சான்றிதழ் பெற வேண்டும், அமெரிக்கப் பாஸ்போர்ட்டோ இனிமேல்தான் விண்ணப்பிக்கப்பட வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் உறுதிமொழி எடுத்தால், கையில் எந்தப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் நிற்க நேரிடும். நேரம் போதவில்லை என்று தோன்றினால் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே போய்விடுவதுதான் என் யோசனை. படைவீரரோடு ஆணைப்படி வெளிநாட்டில் வாழும் காலம் அமெரிக்காவில் வாழ்ந்ததாகவே கணக்கிடப்பட்டு, 319(இ) பிரிவின்படி அங்கிருந்தே குடியுரிமை பெற முடியும். அப்படி வாழ்வதால் கிரீன் கார்டைக் கைவிட்டதாகக் கருதப்படாது என்று 284(பி) பிரிவும் சொல்கிறது. இரண்டாண்டு நிபந்தனைக் கிரீன் கார்டு வைத்திருப்பவர் மட்டும், அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 விண்ணப்பத்தை மறந்துவிடக் கூடாது.

மாற்றல் ஜெர்மனிக்கு அல்லாமல் தென்கொரியாவுக்கு என்றால் குடும்பத்தாருக்கான விசா வகை ஏ-3. பியோங்டேக் நகரிலுள்ள ஹம்ப்ரீஸ் முகாமுக்குச் செல்வோர் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். ஜப்பானுக்கு 1960-ன் தனி ஒப்பந்தம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் அங்கும் தூதரகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வருவதற்கும் தனித் தயாரிப்பு வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இன்றி வந்துபோக உதவும் ஓசிஐ அட்டையை, வெளிநாட்டுப் படையில் பணியாற்றுபவருக்கும் ஓய்வுபெற்றவருக்கும் இந்தியா தருவதில்லை. எனவே மதுரையில் பிறந்தவராயினும், படைவீரர் தம் சாதாரண அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் இந்திய விசா எடுத்துத்தான் வர முடியும். அந்த விசாப் படிவத்தில், படையிலோ காவல் துறையிலோ பணியாற்றுகிறீர்களா, பணியாற்றினீர்களா என்ற கேள்வி வரும். ஆம் என்றதும் படையின் பெயர், பதவி, தரநிலை, பணியிடம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் திறக்கும். மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போகத்தானே என்று எண்ணி அதில் இல்லை எனக் குறித்துவிடாமல், உள்ளதை உள்ளபடி நிரப்பி, தங்கும் வீட்டின் முகவரியையும் அங்குள்ள உறவினரின் தொலைபேசி எண்ணையும் கையோடு வைத்துக்கொண்டு, விழாவுக்கு நாள் நெருங்கும்வரை காத்திராமல் விண்ணப்பிக்க வேண்டும்.