செட்டிநாட்டு வீட்டைத் தொட்டுக் காட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் கண்ணுக்குத் தெரிகிற பூ விரலுக்குத் தெரியாது. கண்ணாடிமேல் சாயக் கலவையை ஊற்றி வார்ப்பதால் கல்லும் கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும். பூ முழுக்க நிறத்தில்தான் இருக்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குத் தொடுபலகை (பார்வையற்றவர்கள் விரலால் தடவி அறியும் பலகை) செய்பவர்கள் முதலில் சறுக்குவது இதில்தான். கல்லின் படத்தைக் கணினியில் ஏற்றி, நிறம் மாறும் கோடுகளையெல்லாம் மேடாக்கிவிடுகிறார்கள். விரலுக்கு அது வெறும் சொரசொரப்பு. ஒரே ஒரு பூவை இரண்டு மடங்கு பெரிதாக்கி, வெளிக்கோட்டை மட்டும் 1 மி.மீ. உயர்த்தினால் போதும். பக்கத்தில் அசல் கல் ஒன்றையும் வையுங்கள். அந்தக் குளிர்ச்சி பிளாஸ்டிக்கில் வராது.

வீட்டு வரைபடத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். 50 மீட்டர் நீள வீட்டை 1:150 அளவில் வரைந்தால் சுமார் 33 செ.மீ. வரும், ஏ3 தாளில் அடங்கும். ஆனால் 30 செ.மீ. தூண் அதில் 2 மி.மீ. புள்ளியாகிவிடும். முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் தூண்களை விரல் பிரெய்ல் என்னும் புள்ளி எழுத்தென்று நினைத்து வாசிக்கத் தொடங்கும்! அளவு பிசகினாலும் பரவாயில்லை, தூணை 5 மி.மீ. சதுரமாக, பிரெய்லைவிட உயரமாக வையுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ.யாவது விடாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வடக்கை மேலே வைத்து வரைவதும் தவறு. திண்ணைப் பக்கம் வாசிப்பவரின் வயிற்றுப் பக்கம் இருக்கட்டும். முகப்பிலிருந்து பின்கட்டு வாசல்வரை ஒரு பள்ளக்கோடு இழுத்துவிட்டால், விரல் எங்கே போனாலும் அதற்குத் திரும்பிவிடும்.

பிரெய்லில் பெயர் எழுதுமுன் கட்டங்களை, அதாவது ஒவ்வொரு புள்ளித் தொகுதிக்குமான இடத்தை, எண்ணுங்கள்; துணைக்குறிக்கும் மெய்ப்புள்ளிக்கும் தனிக் கட்டம் வேண்டும். ஒரு கட்டத்துக்கு சுமார் 6 மி.மீ. 'வளவு' (முற்றத்தைச் சுற்றிய பகுதி) நான்கு கட்டம், 24 மி.மீ.; அறைக்குள் அடங்கும். 'இரண்டாம் கட்டு' இடைவெளியோடு 14 கட்டம், 84 மி.மீ.; அடங்காது. 'இக' என்று சுருக்கி, விளக்கத்தை ஓரத்தில் கொடுங்கள். இடம் இருக்கிறதே என்று பிரெய்லைப் பெரிதாக்காதீர்கள். ஒரு கட்டம் விரல்நுனிக்குள் அடங்க வேண்டும்: புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., உயரம் அரை மி.மீ. தமிழ் பிரெய்லில் மெய்யெழுத்தின் புள்ளிக்குறி எழுத்துக்கு முன்னால் வரும். கண்ணால் சரிபார்ப்பவர் அதைப் பிழையென்று பின்னால் நகர்த்திவிடுவது உண்டு.

முப்பரிமாண அச்சில் பலகையைப் படுக்கவைத்தால் புள்ளிகள் படிக்கட்டுபோல வந்து விரலை உறுத்தும், நிமிர்த்தி அச்சிடுங்கள். இந்த அச்சுக்குப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும், முற்றத்து வெயிலில் வைக்க வேண்டாம். பித்தளைத் தகடு இளகாதுதான், ஆனால் சித்திரை மதியத்தில் அதில் யார் கை வைப்பார்கள்? வளவு நிழலில், மேசை உயரத்தில், சற்றே சாய்த்துப் பொருத்துங்கள்.

ஒலி சேர்ப்பவர்கள் பிரெய்லை ஒட்டியே தொடுபொத்தானை வைக்கிறார்கள். வாசிக்கத் தடவினாலே பெட்டி பேசத் தொடங்கிவிடும். அழுத்தினால் உள்ளே இறங்கும் சாதாரணப் பொத்தானே நல்லது.

சோதிக்கும்போது பார்வையுள்ளவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவுவது கணக்கில் சேராது. அவர் மனதில் படம் ஏற்கெனவே இருக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், இடையில் பார்வை இழந்த ஒருவர் என்று இருவரையாவது அழையுங்கள். எதையும் விளக்காமல் 'முற்றம் எங்கே?' என்று மட்டும் கேளுங்கள். விரல் தயங்கித் திரும்பும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே ஒரு கோட்டை எடுத்துவிட்டு மறுபடி அச்சிடுங்கள்.