நண்பன் இறந்துவிட்டால், முதலில் அவன் குரலை எடுத்து வையுங்கள்

போட்டோ எங்கேயும் போய்விடாது, யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலாவது இருக்கும். குரல் அப்படியில்லை. அது பெரும்பாலும் உங்கள் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கும், போன் ஒருமுறை தண்ணீரில் விழுந்தால் போச்சு.

என் நண்பன் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவன் அனுப்பிய 14 நொடி வாய்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. "டேய், டீ சொல்லிட்டேன், ஆறிடப்போகுது, சீக்கிரம் வா." பின்னால் பஸ் ஹாரன், நடுவில் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அவனுக்கு வருஷம் முழுக்க சளிதான். அன்றைக்கு அதை முழுசாகக் கேட்டேனா என்றே ஞாபகம் இல்லை, இப்போது ஒவ்வொரு நொடியும் மனப்பாடம்.

அதனால் இன்றைக்கே உட்காருங்கள். அவனுடைய சாட்டில் செய்திகள் தானாக அழியும் செட்டிங் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், போட்டிருந்தால் இப்போது நிறுத்தினாலும் ஏற்கெனவே வந்தவை அழிந்துவிடும், அவற்றை முதலில் எடுத்து வையுங்கள். அப்புறம் வாய்ஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து ஈமெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்புங்கள், முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து இன்னொரு இடத்திலும் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கேட்க வேண்டாம், சேமித்தால் போதும். கேட்பதற்குத் தெம்பு வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அவன் நம்பருக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு, நானும் அனுப்பினேன். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். இந்தியாவில் துண்டித்த நம்பரை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கவும் செய்வார்கள். ஒருநாள் அவன் பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒருவரின் குழந்தைப் படம் வந்து நிற்கும், அதைத் தாங்குவது கஷ்டம். சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அவன் வீட்டுக்குப் போவதைப் பற்றி. நம் வழக்கத்தில் பங்காளிக்கு ஒரு சடங்கு, மாமனுக்கு ஒரு சடங்கு, நண்பனுக்கு ஒன்றுமில்லை. கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான். எனக்கு அது ரொம்ப வலித்தது. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் நமக்கு வேலையே ஆரம்பிக்கிறது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் கட்டணமில்லை. அந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் நகல் நாலைந்து சேர்த்து வாங்கிக் கொடுங்கள், பேங்க்குக்கும் இன்சூரன்ஸுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பேஸ்புக் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றவும் இறப்புக்கான ஆதாரம் தேவைப்படும், மாற்றிவிட்டால் அதற்குள் யாரும் லாகின் செய்ய முடியாது. வீட்டாரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பேச்சில் அவன் பெயரைச் சொல்லுங்கள். அழுதுவிடுவார்களோ என்று பயந்து எல்லோரும் அவனைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் அந்த வீட்டில் பெரிய கொடுமை. வீட்டுக்குத் தெரியாத அவன் உங்களுக்குத் தெரியும், அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள், கடன் கணக்கையும் வம்பையும் விட்டுவிட்டு.

போன மாதம் அவன் அம்மாவிடம், "கேக்குறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வாய்ஸைப் போட்டேன். போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டு நாலு தடவை கேட்டார். அப்புறம், "அன்னைக்கு நீ போனியாப்பா?" என்றார்.

போனேம்மா, டீ ஆறித்தான் போயிருந்தது, ரெண்டு பேரும் அதையே குடிச்சோம் என்றேன்.