ராயபுரம் கட்டுரையில் தொகுத்தல் போர் வந்தால்

விக்கிப்பீடியாவில் வடசென்னையின் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிய கட்டுரையில் ஒருவர் ‘இந்தியாவின் முதல் ரயில் நிலையம்’ என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் அதை ‘தென்னிந்தியாவின்’ என்று திருத்துகிறார். முதலாமவர் மீளமைக்கிறார், அதாவது திருத்தத்தை நீக்கிப் பழையபடி ஆக்குகிறார்; அடுத்தவரும் மீளமைக்கிறார். ராத்திரிக்குள், கட்டுரையில் யார் என்ன மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கம் முழுக்க இவர்கள் இருவர் பெயர்தான்.

முதல் வேலை, கையை எடுப்பது. தவறான வரி நாலு நாள் அப்படியே கிடந்தாலும் பரவாயில்லை. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால் ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை விழும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் விழும். வேண்டுமென்றே கட்டுரையைக் கெடுக்கும் அப்பட்டமான விஷமத்தொகுப்பை நீக்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. எதிராளி உங்களோடு ஒத்துப்போகவில்லை என்பது விஷமம் ஆகாது.

அடுத்து, வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு பதிப்புகளையும் தேர்ந்தெடுத்து ஒப்பிடுங்கள். கட்டுரை முழுக்கச் சண்டை போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கும். அந்த வாக்கியத்தின் இரண்டு வடிவங்களையும், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று என்று எழுதுங்கள். தலைப்பு ‘முதல் நிலையம் எது?’ என்று இருக்கட்டும். ‘இன்னாரின் அடாவடி’ என்று தலைப்பு வைத்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

இனி சான்று. மும்பையில் போரிபந்தர்–தாணே பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்றே ஓடிவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கான ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1 அன்று. ஆக, ‘இந்தியாவின் முதல்’ நிற்காது. ஆனால் அதை எழுதியவர் வெறுங்கையோடு வந்திருக்க மாட்டார். ‘இன்றும் நிற்கும் நிலையங்களில் மிகப் பழையது’ என்று எங்கேயோ படித்திருப்பார். அந்த அடைமொழி உதிர்ந்ததுதான் சண்டைக்கே காரணம். ‘தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம், இன்றும் நிற்பவற்றில் நாட்டிலேயே பழையது எனக் கருதப்படுகிறது’ என்று மூன்றாவது வாக்கியம் ஒன்றை முன்வையுங்கள், இரண்டு பாதிக்கும் தனித்தனி மேற்கோளோடு.

நாளிதழ் மேற்கோளில் ஒரு பொறி உண்டு. செய்தி வெளியான தேதியையும், அதே வரி கட்டுரையில் நுழைந்த தேதியையும் ஒப்பிடுங்கள். கட்டுரை முந்தியது என்றால் செய்தியாளரே இங்கிருந்து எடுத்திருக்கலாம்; அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நூல்கள் கிடைக்கும். பக்க எண்ணோடு குறித்து வாருங்கள். ‘எங்க ஏரியா, எனக்குத் தெரியாதா?’ என்பது மட்டும் செல்லாது. அச்சில் வராத உள்ளூர் அறிவு எவ்வளவு உண்மையானாலும், படிப்பவரால் அதைச் சரிபார்க்க முடியாது.

வியாசர்பாடி, காசிமேடு பற்றிய கட்டுரைகளில் இதைவிடக் கவனம் வேண்டும். ‘குற்றங்கள் மலிந்த பகுதி’ என்று சான்றில்லாமல் வரும் வரியைத் தயங்காமல் நீக்குங்கள். லட்சக்கணக்கான மக்கள் மேல் போடும் பழி அது. சான்றோடு வந்தால் யார் சொன்னது, எந்த ஆண்டு, என்ன எண்ணிக்கை என்று வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். கோபத்தில் சான்றுள்ள வரியையும் சேர்த்து அழித்தால் உங்கள் வாதம் தோற்கும்.

‘ராயபுரமா, இராயபுரமா’ போன்ற எழுத்துச் சண்டைக்கு நாள் கடத்தாதீர்கள். ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றதற்கு வழிமாற்று போட்டால் தேடுபவர் இரண்டிலும் வந்து சேர்வார்.

எதிராளியை அழைக்க அவருடைய பயனர் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்து, அதே சேமிப்பில் நான்கு அலைக்குறியால் (~~~~) கையெழுத்திடுங்கள். கையெழுத்தைப் பிறகு போய்ச் சேர்த்தால் அவருக்கு அறிவிப்பு போகாது. ‘கூப்பிட்டும் வரவில்லை’ என்ற வீண் மனக்கசப்புக்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஒரு வாரமாவது பொறுங்கள். பதில் இல்லையென்றால், அல்லது இருவரும் ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்றால், தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் இரண்டு வரியில் விவரம் எழுதிப் பேச்சுப் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் ஆள் திரட்டி வராதீர்கள். தலைக்கணக்கு இங்கே எடுபடாது, இரண்டாவது கணக்கு தொடங்கி ஆதரவு காட்டினால் தடைதான் மிஞ்சும்.

நிருவாகியிடம் போவது கடைசி. பக்கத்தைப் பூட்டவும் விதி மீறுபவரைத் தடுக்கவும் அவரால் முடியும். எந்த வாக்கியம் சரி என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில்லை. பூட்டும்போது பிடிக்காத பதிப்பே உள்ளே மாட்டிக்கொள்ளவும் கூடும். அதற்காக அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

உடன்பாடு வந்ததும் வாக்கியத்தை இட்டு, சேமிக்கும்போது மாற்றத்தை விளக்கி எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் பேச்சுப் பக்கத்தின் அந்தப் பகுதியைக் குறிப்பிடுங்கள். தொகுப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் மறைகுறிப்பாக ‘மாற்றும் முன் பேச்சுப் பக்கம் பார்க்கவும்’ என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் புதிதாக ஒருவர் ‘இந்தியாவின் முதல்’ என்று மாற்ற வரும்போது அவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.